நுரை அடங்கும் வரை

நெருஞ்சிப்பட்டிப் பால் சென்டரின் கதவில் அந்தச் சிவப்பு அட்டையை ஒட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. ‘இம்மையத்தின் பாலில் நீர் கலப்பு கண்டறியப்பட்டுள்ளது.’ கீழே வெள்ளாறு பால் கம்பெனியின் முத்திரை. தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தக் கதவைத் திறக்கிறவள் பிச்சையம்மாள். பூட்டில் சாவியை நுழைக்கும்போது அட்டை அவள் மூக்குக்கு நேரே இருக்கும். முதல் ஒரு வாரம் அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு ஆத்திரம்தான்.

அவளுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் தக்கவில்லை. நான்காவதாக இவள் பிறந்ததும் கோயில் வாசலில் போட்டு, தவிட்டுக்கு விற்றதுபோல் விற்று, பிச்சையாகத் திரும்ப வாங்கி இந்தப் பேரை வைத்தார்கள். பன்னிரண்டாவது வரை படித்தாள். புருஷன் கோயம்புத்தூரில் சென்ட்ரிங் வேலை. மாதம் இரண்டு முறை வந்து போவான். பதினோரு வருடமாகப் பால் சென்டரில் டெஸ்டர். அறுபத்திரண்டு வீட்டுப் பாலும் அவள் கையைத் தாண்டித்தான் கேனுக்குள் போகும். சொந்தச் சின்னம்மாவின் பாலையே தண்ணீர் என்று திருப்பி அனுப்பியவள் என்று ஊரில் ஒரு பேர் உண்டு. கோயில் திருவிழாவில்கூட அந்தச் சின்னம்மா இன்றுவரை அவளோடு பேசுவதில்லை.

அப்படிப்பட்டவளின் சென்டருக்குத்தான் சிவப்பு அட்டை.

போன வருடம் கம்பெனிக்காரர்கள் பழைய டெஸ்ட் முறையை நிறுத்திவிட்டுப் புது மிஷின் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு சிறு கிண்ணம் பாலைக் கீழே நீட்டினால் உறிஞ்சிக்கொண்டு, ஒரு நிமிடத்தில் கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு என்று சீட்டு அடித்துத் தரும். மற்ற சத்து எட்டு புள்ளி இரண்டுக்குக் குறையக் கூடாது என்பது கம்பெனியின் கணக்கு. நெருஞ்சிப்பட்டிப் பால் ஏழு புள்ளி ஒன்பதைத் தாண்டவே இல்லை. சத்து குறைந்தால் தண்ணீர் கலந்தது என்று அர்த்தமாம். மண்டல மேலாளர் நிலவழகன் ஒருநாள் காரில் வந்தார். கண்ணாடியை இறக்காமலே சூப்பர்வைசர் கோபிநாத்திடம் ஏதோ சொன்னார். கோபிநாத் இறங்கி அட்டையை ஒட்டினான்.

பொன்னமராவதி பஸ் கண்டக்டர் மறுவாரமே, “தண்ணிப்பட்டி எல்லாம் எறங்கு!” என்று கத்த ஆரம்பித்தான். டீக்கடையில், “எந்த ஊரு பாலுப்பா இது? நெருஞ்சிப்பட்டின்னா வேணாம், எனக்குக் கிணத்துத் தண்ணியே போதும்” என்று சிரித்தார்கள். ஊருக்குள்ளோ எல்லார் கண்ணும் பிச்சையம்மாள் மேல்.

“ஏத்தா பிச்ச, நான் ஊத்துற பாலு கெட்டியா இருக்கு. ஓன் கேனுக்குள்ள போனதும் எப்படித் தண்ணியாவுது?” என்று நடு ரோட்டில் கேட்டாள் பொன்னுத்தாய். மூன்று கறவை வைத்திருக்கிறவள். வாய்க்குப் பூட்டே கிடையாது. “கேனுக்குள்ள குழாய் கிழாய் வச்சிருக்கியா?”

“அயித்தை, ஒங்க வாயில புழு வைக்க.”

“வைக்கட்டும். மொதல்ல பாலுக்குப் பதில் சொல்லு.”

பதில் சொல்லத்தான் பிச்சையம்மாள் ஒரு சட்டம் போட்டாள். கறந்து பத்து நிமிடத்துக்குள் பால் சென்டருக்கு வந்துவிட வேண்டும். வழியில் யாருக்கும் தண்ணீர் கலக்க நேரம் இருக்கக் கூடாது. சந்தேகம் உள்ள வீடுகளின் தொழுவத்தில் அவளே போய் நின்றாள். கறக்கக் கறக்கப் பார்த்து, சொம்பைக் கையோடு பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தாள். பால் கைச்சூட்டோடு, பொங்கின சோறு மாதிரி நுரை தள்ளிக்கொண்டு வரும். நுரை தள்ளினால்தான் பால் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் அது. மிஷின் சீட்டு அடித்தது: ஏழு புள்ளி எட்டு. முன்னைவிடக் குறைவு. தன் கண்ணெதிரே கறந்த பால். அன்று மிஷின் மேல் கல்லைத் தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்று இருந்தது அவளுக்கு.

சித்திரை மாதம் ஒருநாள் கரண்டு போனது. அறுபத்திரண்டு வீட்டுச் சொம்புகளும் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பெண்கள் மிஷினையும் கம்பெனியையும் பிச்சையம்மாளையும் திட்டிக்கொண்டே காத்திருந்தார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்டு வந்தது. முதல் சொம்பு எட்டு புள்ளி மூன்று. இரண்டாவதும் எட்டு புள்ளி மூன்று. கடைசிச் சொம்பு வரை ஒன்றுகூடக் குறையவில்லை.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மிஷினோடு வந்த புத்தகத்தை பீரோ மேலிருந்து எடுத்தாள். வந்த நாளிலிருந்து பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்த ஆங்கிலப் புத்தகம். செல்போன் கேமராவைப் பக்கம் பக்கமாகக் காட்டித் தமிழாக்கிப் படித்தாள். பாதி உளறலாக வந்தது. ஆனால் பதினோராம் பக்கத்தில் உளறல் இல்லை. புதிதாகக் கறந்த பாலைச் சோதிக்கக் கூடாது, பாலில் காற்றுக் குமிழ்கள் இருக்கும், கொழுப்பு இறுகியிருக்காது, அளவு குறைத்துக் காட்டும், ஆறவிட்டுச் சோதிக்கவும்.

மற்ற ஊர்களில் சைக்கிளில், டிவிஎஸ்ஸில் என்று பால் சென்டருக்கு வந்துசேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெருஞ்சிப்பட்டிச் சென்டர் ஊர் நடுவில் இருக்கிறது. போதாததற்கு அவளுடைய பத்து நிமிடச் சட்டம் வேறு. பாலைச் சுத்தமாகக் கொடுக்கவேண்டும் என்று ஓடி ஓடித்தான் ஊருக்குக் கெட்ட பேர் வாங்கித் தந்திருக்கிறாள். பிறகு பதினோராம் பக்கத்தைத் திரும்பப் பார்த்தாள். இத்தனை மாதம் இந்தப் பக்கத்தைப் படிக்காதவள் அவள் ஒருத்தி மட்டுமா? சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்காதவர்கள் எத்தனை பேர்?

நாற்பது நாள் ஒரே மாட்டின் பாலைக் கறந்த உடனே ஒரு தடவை, கால் மணிக்கு ஒரு தடவை என்று சோதித்து நோட்டில் எழுதினாள். கோபிநாத்திடம் காட்டினாள். அவன் நோட்டைத் திறக்காமலே, “அடுத்த மாசம் பொன்னமராவதில வருசக் கூட்டம் இருக்கு. ஒங்க சென்டருக்கும் ஏழு நிமிஷம் குடுத்திருக்கு. அங்க வந்து சொல்லுங்க. அதுக்குத்தான் புதுக்கோட்டைல டிரைனிங் வச்சிருக்கோம்” என்றான்.

புதுக்கோட்டையில் ஒரு ஓட்டல் ஹாலில் இரண்டு நாள் பயிற்சி. தொழில்நுட்ப விளக்கம் அளிப்பது எப்படி என்று சொல்லித்தரத் திருச்சியிலிருந்து ஷர்லி என்ற பெண் வந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். தோளை விரித்து நில்லுங்கள், கையைக் கட்டாதீர்கள், பார்வையை மூன்று பக்கமும் ஓட்டுங்கள், ஒரு திரைக்கு ஆறு வரிக்கு மேல் வேண்டாம் என்றாள். முப்பது டெஸ்டர்களும் சுவரைப் பார்த்துச் சிரித்துப் பழகினார்கள். முப்பது பேரில் ஒருவரிடமும், உங்கள் சென்டரில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

“பிச்சையம்மாள்ங்கிற பேர் ஸ்டேஜ்ல கொஞ்சம் கனமா இருக்கும். பி.அம்மாள்னு போட்டுக்கலாமா மேடம்?”

“ஏங்க, மூணு பிள்ளை செத்து வாங்குன பேருங்க அது. கனமாத்தான் இருக்கும்.”

ஷர்லியின் முகம் சிவந்துவிட்டது. ஒத்திகையில் பிச்சையம்மாள் பேச ஆரம்பித்ததும், ஹாலின் கடைசியில் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“மேடம், நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா கோபமாப் பேசுறீங்க. கேக்குறவங்களுக்கு நெகட்டிவா இருக்கும்.”

“கோவம் இல்லாட்டி நான் எதுக்குங்க மைக்கப் பிடிக்கணும்? வீட்டுல மாடு கன்னு இல்லையா எனக்கு?”

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஷர்லி பின்னாலேயே வந்தாள். “ஒண்ணு மட்டும் கேக்குறேன். நீங்க பேசி முடிச்சதும் அவங்க என்ன செய்யணும்?”

“அட்டைய எடுக்கணும். தண்ணி கலக்கலன்னு சொல்லணும்.”

“அப்ப நாப்பது நாள் கணக்கையும் வாசிக்காதீங்க. ஒரு பால், ரெண்டு சீட்டு. அதைக் கண்ணுல காட்டுங்க. அட்டைல முடிங்க.”

இரண்டு நாளில் கேட்ட ஒரே உருப்படியான பேச்சு என்று பிச்சையம்மாள் நினைத்தாள். அதை வெளியே சொல்லவில்லை.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, அவளுக்காகத் தயாரித்த திரைகளைக் கோபிநாத் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். தலைப்பைப் பார்த்தாள். ‘நெருஞ்சிப்பட்டி: தரக் குறைபாடும் திருந்துவதற்கான உறுதிமொழியும்.’ கடைசித் திரையில் இரண்டு கை கூப்பிய படம். ஏழு நிமிடம் கொடுத்தது மன்னிப்புக் கேட்கத்தான். கூட்டத்துக்கு வரும் கம்பெனி முதலாளிக்கு முன்னால் நிலவழகன் ஒரு ஊரைத் திருத்திவிட்டதாகக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு பொம்பளை கைகூப்பி நிற்க வேண்டும்.

அவள் நேரே பொன்னுத்தாய் வீட்டுக்குப் போனாள்.

“அயித்தை, கூட்டத்தன்னைக்கு ஒங்க செவலையக் காலைல கறக்காதீங்க.”

“ஏன்டி, மடி வெடிக்கவா?”

“பொன்னமராவதிக்கு ஓட்டிக்கிட்டு வாங்க. அங்க வச்சுக் கறப்போம்.”

பொன்னுத்தாய் எழுந்து முந்தானையைச் செருகினாள். “நாகராசுகிட்டச் சொல்லு. குட்டியானைய எடுத்துக்கிட்டு வரட்டும். கன்னையும் ஏத்தணும், இல்லாட்டி பாலு விடாது அது.”

ஊரில் குட்டியானை என்கிற மினிலாரி வைத்திருக்கும் நாகராசு வண்டி கொடுக்கச் சம்மதித்தான். பிச்சையம்மாள் ஒரு கணக்கும் போட்டு வைத்திருந்தாள். அவள் நோட்டின்படி பால் எட்டு புள்ளி இரண்டைத் தொட ஒன்றேகால் மணி நேரம் வேண்டும். போன வருடக் கூட்டத்தில் குத்துவிளக்கு ஏற்றியதிலிருந்து முதல் டெஸ்டரைப் பேசக் கூப்பிடும் வரை இரண்டு மணி நேரம் பொன்னாடையும் வரவேற்பும்தான். அந்த வீண் நேரம் போதும் அவளுக்கு.

மண்டப வாசலில் ஒன்பது மணிக்குச் செவலை அடித்தொண்டையில் கத்தியது. மடி பாறை மாதிரி இருந்தது. முந்நூறு பேர் வேடிக்கை பார்க்க, பொன்னுத்தாய் குந்தி உட்கார்ந்து கறந்தாள். கம்பெனி பெருமைக்காக மேடையோரம் புது மிஷின் ஒன்றை வைத்திருந்தார்கள். ஒன்பது பத்துக்குப் பிச்சையம்மாள் அதில் பாலைக் காட்டினாள். ஏழு புள்ளி ஒன்பது.

“மாட்டைக் கூட்டிட்டு வந்து நிரூபிக்கிறீங்களா, தண்ணிதான்னு?” கோபிநாத் விழுந்து விழுந்து சிரித்தான். “மடிக்குள்ளயே கலந்துட்டீங்களா?”

பிச்சையம்மாள், தொகுப்புரை சொல்ல வந்திருந்த ஷர்லியிடம் சீட்டை நீட்டி நேரம் போட்டுக் கையெழுத்து வாங்கினாள். சொம்பின் வாயைத் துணியால் கட்டி, முடிச்சின் மேலும் ஒரு காகிதத்தை ஒட்டி அதிலும் கையெழுத்து வாங்கி, மிஷின் பக்கத்திலேயே வைத்தாள்.

அப்புறம்தான் இடி விழுந்தது. சென்னையிலிருந்து வந்த முதலாளிக்குத் திருச்சியில் விமானம் பிடிக்க வேண்டுமாம். பத்தரைக்குக் கிளம்ப வேண்டும். பொன்னாடையெல்லாம் கடைசியில், முதலில் டெஸ்டர்கள் பேசட்டும், அதிலும் முதலில் நெருஞ்சிப்பட்டி என்று நிலவழகன் சொல்லிவிட்டார். ஒன்பது நாற்பத்தைந்துக்கு ஷர்லி அவள் பேரை அழைத்தாள். முழுப்பேரையும் அழைத்தாள்.

பால் கறந்து நாற்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. இப்போது சோதித்தால் எட்டுகூட வராது. மேடையில் ஒன்பது நாற்காலி, ஒன்பது பேர். பின்னால் திரையில் ‘தரக் குறைபாடும்’ என்று எழுத்து விழுந்துவிட்டது. பிச்சையம்மாள் மைக்கைக் கையில் எடுத்தாள். பிறந்ததிலிருந்து எத்தனை மேடைகளின் முன்னால் வெயிலில் உட்காரவைக்கப்பட்டிருக்கிறாள். அந்த மேடைகளின் வரவேற்புப் பேச்சு அவளுக்கு மனப்பாடம்.

“எட்டு மாசத்துல எங்க ஊருக்கு ஒரே ஒரு தடவ வந்து, காருக் கண்ணாடிய இறக்காமலே எங்க பாலச் சோதிச்சு, தண்ணின்னு கண்டுபிடிச்ச மண்டல மேலாளர் திரு. நிலவழகன் அவர்களே!”

சபையில் யாரோ விசிலடித்தார்கள். நிலவழகன் தன் பேரைக் கேட்டதும் பழக்கத்தில் கைகூப்பிவிட்டார். பிறகுதான் முகம் மாறியது. பிச்சையம்மாள் அவசரப்படவில்லை. அவர் படித்த படிப்பு, வாங்கிய கார், அந்தக் கார் வந்து நின்ற இடம், அன்றைக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஓடிய ஏசி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வாழ்த்தினாள். அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள்.

“மிஷினக் கொண்டாந்து வச்சு, அதோட புத்தகத்துக்கு ஒரு அழுக்கும் படக் கூடாதுன்னு உறையக்கூடப் பிரிக்காமக் குடுத்துட்டுப் போன தொழில்நுட்பத் தலைவர் அவர்களே! சத்து இல்லாத மாடுன்னு சொல்லி, வேணாம் வேணாம்னாலும் மூட்ட மூட்டையா எங்க ஊர்ல எறக்கி, எங்க மாட்டையெல்லாம் பேதியாக்குன தீவன ஏஜென்ட் அவர்களே!”

“ஆமா, எங்க செவலைக்கு மூணு நாளு!” என்று கீழே இருந்து பொன்னுத்தாய் கத்தினாள். மண்டபம் அதிர்ந்தது. கோபிநாத் மேடைக்குக் கீழே நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினான். அவனை யார் பார்த்தது? வாழ்த்து வாங்காதவர்கள் தங்கள் முறைக்குப் பயந்துகொண்டும், ஒருவேளை தன்னை நல்லபடியாகச் சொல்வாளோ என்ற ஆசையில் நிமிர்ந்தும் உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பை நடுவில் நிறுத்தச் சொல்ல எந்த மேடைக்காரருக்கும் வாய் வராது. ஒன்பது பேரையும் முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. சென்னை முதலாளி மட்டும் சிரிக்கவும் இல்லை, கடிகாரம் பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் குரல் இறங்கியது. கரண்டு போன நாளைச் சொன்னாள். தன் பத்து நிமிடச் சட்டத்தையும் மறைக்காமல் சொன்னாள். “தப்பு என்னுதும் இருக்கு. நான் அவசரப்படுத்துனேன். ஆனா நான் பன்னெண்டாப்புப் படிச்சவ. புத்தகம் இங்கிலீசுல இருக்கு. நீங்கள்லாம் அதைப் படிச்சுத்தான இந்த நாக்காலிக்கு வந்தீக?”

பதினோராம் பக்கத்தைத் தூக்கிக் காட்டினாள். நேரம் பத்து இருபத்தைந்து. ஷர்லியைக் கூப்பிட்டு ஒட்டின காகிதத்தைப் பார்க்கச் சொல்லி, துணியை அவிழ்த்தாள். நுரை அடங்கி, பால் மேலே லேசாக ஆடை கட்டப் பார்த்துக்கொண்டிருந்தது. மெதுவாகக் கலக்கி மிஷினுக்குக் காட்டினாள். முந்நூறு பேரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். சீட்டு வந்தது.

“எட்டு புள்ளி மூணு” என்று ஷர்லிதான் வாசித்தாள்.

“ஒரே மாடு, ஒரே பாலு, ஒரே மிஷினு. காலைல தண்ணி. இப்ப பாலு. எட்டு மாசமா எங்க ஊரு ஆம்பள பொம்பள எல்லாரும் பஸ்ல தலைகுனிஞ்சு ஏறுனோம்.”

முதலாளி நிலவழகன் பக்கம் திரும்பி, “புக்ல இது இருக்கா?” என்றார். நிலவழகன், “பார்த்துச் சொல்றேன் சார்” என்றார். கோபிநாத் மேடையேறி வந்து மைக்குக்குக் கை நீட்டினான். “நன்றிம்மா, நேரமாச்சு, குடுங்க.”

பிச்சையம்மாள் மைக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். “மேலாளர் சார் பேசுறதுக்குத்தான் குடுப்பேன். அட்டைய எடுக்குறோம்னு இதுல சொல்லட்டும்.”

“அதுக்கு ஒரு புரொசீஜர் இருக்கும்மா” என்றார் நிலவழகன் உட்கார்ந்தபடியே. “பரிசீலிக்கிறோம்.”

“ஒட்டும்போது என்னங்க சார் பரிசீலிச்சீங்க? கண்ணாடிய எறக்கக்கூட நேரமில்லையே ஒங்களுக்கு!”

கீழே பெண்கள் எழுந்து நின்றார்கள். முதலில் நெருஞ்சிப்பட்டிக்காரர்கள், பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள். யாரும் கத்தவில்லை, சும்மா நின்றார்கள். நிலவழகன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மைக்கைப் பார்த்தார். நிலவழகன் எழுந்து வந்தார். பிச்சையம்மாள் மைக்கைக் கொடுக்கவில்லை. அவர் வாயருகே நீட்டிப் பிடித்தாள்.

“அட்டை எடுக்கப்படும்.”

“ஏன் எடுக்கப்படும்னு சொல்லுங்க சார்.”

“தண்ணீர் கலக்கவில்லை.”

“யாரு கலக்கல?”

“நெருஞ்சிப்பட்டியில யாரும் பாலில் தண்ணீர் கலக்கவில்லை.”

பிச்சையம்மாள் மைக்கை அவர் கையில் வைத்துவிட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கம்பெனியிலிருந்து யாராவது வந்து அட்டையை எடுப்பார்கள் என்று அவள் காத்திருக்கவில்லை. அன்று மத்தியானமே குட்டியானையில் வந்து இறங்கிய கையோடு சென்டர் கதவுக்கு முன்னால் நின்றாள். நல்ல பசை போட்டு ஒட்டியிருந்தான் பாவி. நகம் போகவில்லை. பொன்னுத்தாய் வீட்டிலிருந்து தோசைத் திருப்பியைக் கொண்டுவந்தாள். இருவருமாகச் சுரண்டினார்கள். எழுத்து போனது, சிவப்பு போனது. பச்சைக் கதவில் அட்டை அளவுக்கு வெளுத்த கட்டம் மட்டும் நின்றது.

“ஏத்தா” என்றாள் பொன்னுத்தாய், திருப்பியை முந்தானையில் துடைத்துக்கொண்டே. “தண்ணி கலக்கலன்னு சொன்னான். சரி. கலந்தோம்னு எட்டு மாசம் சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்டானா?”

பிச்சையம்மாள் யோசித்துப் பார்த்தாள். “இல்ல அயித்தை.”

“நீயும் கேக்க மறந்துட்டியேடி!”

பிச்சையம்மாள் அந்த வெளுத்த கட்டத்தில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டாள். பிறகு செல்போனை எடுத்து ஷர்லியின் நம்பரைத் தேடினாள்.

“யாருக்குடி போன் போடுற?”

“அந்தப் பிள்ளைக்குத்தான். இந்த மைக்கு அடுத்தாப்புல எங்கிட்டுக் கெடைக்கும்னு கேக்கணும்.”